ஐம்பதில் ஒரு புதிய ஆட்டம்

(பொன்விழா ஆயத்தக் கூட்டத்தில், குடும்பத் தலைவர்களுக்கும் தாய்மார்களுக்கும் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னிடம் வந்து, "சாமி, குடும்ப ஜெபத்தைப் பற்றியாவது பிள்ளை வளர்ப்பைப் பற்றியாவது பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். அவ்விரண்டைப் பற்றியும் ஆண்டு முழுவதும் பிரசங்கத்தில் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்களும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆகவே இன்று பந்தாட்டத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்க வேண்டாம். பேச்சு முடியும்போது நான் ஏன் இதை எடுத்தேன் என்று உங்களில் சிலருக்காவது விளங்கும்.

நம் கருவேப்பிலங்குறிச்சிக்குப் பக்கத்துப் பட்டணத்தின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். விருத்தம் என்றால் முதுமை. அசலம் என்றால் மலை. பழைய தமிழ்ப் பெயரும் அதுதான்: திருமுதுகுன்றம். 'அசலம்' என்ற சொல்லின் நேர்ப்பொருள் 'அசையாதது' என்பது. மலை அசையாமல் இருக்கலாம், அதற்கு ஒன்றும் ஆகாது. மனிதன் ஐம்பது வயதில் அசையாமல் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை வைத்தியர் என் கையில் கொடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நான் படித்தேன்.

இந்தப் பங்குக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு வயது 52. வருவதற்கு நான்கு மாதம் முன்புதான் என் தாயார் இறந்தார்கள். குருமடத்துக்குப் போன பதினைந்தாம் வயதிலிருந்து நான் எந்த ஊரில் இருந்தாலும் மாதம் ஒரு கடிதம், பிற்பாடு வாரம் ஒரு போன், அவர்களிடமிருந்து வரும். அது நின்றுபோயிற்று. புது ஊர், புது முகங்கள், போதாதற்குச் சர்க்கரை. பகலில் எல்லாம் செய்வேன்: பூசை வைப்பேன், வீடுகளைச் சந்திப்பேன், கணக்கு எழுதுவேன். இரவில் தூக்கம் வராது. குருவானவருக்கு மனம் சோர்ந்துபோனால் அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? மேற்றிராணியாரிடம் சொல்லலாம், ஆனால் "எனக்குச் சோர்வாக இருக்கிறது" என்று ஐம்பது வயதுக்காரன் சொல்ல வெட்கப்படுகிறான். அந்த வெட்கத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வேண்டியிருக்கிறது.

வந்த புதிதில் வீடு சந்திக்கப் போகும்போதெல்லாம் ஒரு காட்சியைக் கண்டேன். பகல் பதினொரு மணிக்கு 45, 50 வயதுள்ள ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். நோயாளிகள் இல்லை, சோம்பேறிகளும் இல்லை. இருபது, இருபத்தைந்து வருஷம் பீங்கான் வேலை பார்த்தவர்கள். 1960களில் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை வந்தது. இந்தத் தொழிலையே பாடமாகக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் வந்தது. நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே வெட்டியெடுக்கும் களிமண் பக்கத்திலேயே கிடைத்தது. அதனோடு சீனக் களிமண்ணையும் வெள்ளைக் கல் தூளையும் சேர்த்து அரைத்து, அச்சில் அடித்து, சூளையில் சுட்டு, நாட்டின் பல பாகங்களுக்கும் ஃபியூஸ் கட்டைகளை அனுப்பினார்கள். எத்தனையோ வீடுகளில் சுவரில் இருந்த வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் நம் பக்கத்து மனிதர் கைபட்டதாக இருந்திருக்கும்.

பிறகு எம்.சி.பி. சுவிட்சு வந்தது. மின்சாரம் மிஞ்சினால் தானே விழுந்துவிடும். கையால் தூக்கிவிட்டால் போதும், ஃபியூஸ் கம்பி கட்ட வேண்டியதில்லை. பாதுகாப்பானது, நல்லது. நானும் கோயிலில் அதைத்தான் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த நல்ல சாமான் வந்ததால் பீங்கான் ஃபியூஸுக்குத் தேவை சுருங்கியது. பொம்மையும் அகல் விளக்கும் செய்து சில பட்டறைகள் தாக்குப்பிடித்தன, சிலவற்றால் முடியவில்லை. இதில் யாரைக் குறை சொல்வது? யாரும் தப்புச் செய்யாமலேயே ஒருவனுடைய தொழில் போய்விடும் என்பதுதான் இதில் உள்ள கசப்பு.

அப்படிப்பட்டவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்லமாட்டேன். அவர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார். பேசுவதற்கு அனுமதியும் கேட்டுவிட்டேன். நான் முதலில் அவர் வீட்டுக்குப் போனபோது அவருக்கு வயது 46. பட்டறை மூடி ஒன்றரை வருஷம். திருப்பூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் திரும்பிவிட்டார். "ஏனப்பா, வேறு ஏதாவது கற்றுக்கொள்ளக் கூடாதா?" என்று சாதாரணமாகக் கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "சாமி, பச்சை மண்ணாக இருந்தால் உடைந்தாலும் தண்ணீரில் போட்டுக் கரைத்து மறுபடி அச்சில் அடிக்கலாம். சுட்ட சாமானை ஒன்றும் பண்ண முடியாது. நான் சுட்ட சாமான்" என்றார். குருமடத்தில் ஏழெட்டு வருஷம் தத்துவமும் இறையியலும் படித்த எனக்கு அப்போது வாயில் பதில் வரவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இனி பந்தாட்டத்துக்கு வருகிறேன்.

நம் கோயிலுக்குப் பின்னால் உள்ள வெளியில் பையன்கள் பூப்பந்து ஆடுவார்கள். இது நம் நாட்டு ஆட்டம். 1856-லேயே தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடினதாகச் சொல்வார்கள். மஞ்சள் கம்பளி நூலால் ஆன பந்து, முப்பது கிராம்கூட இராது. காற்று அடித்தால் தன் இஷ்டத்துக்குப் போகும். அதனால்தான் விடியற்காலையிலோ, காற்று அடங்கிய சாயங்காலத்திலோ ஆடுகிறோம். பக்கத்துக்கு ஐந்து பேர். பெரிய செலவு கிடையாது. இறகுப்பந்துக்கு வேண்டியதுபோல் கூரை போட்ட அரங்கமும் வேண்டாம், வெட்டவெளியும் சமதரையும் இருந்தால் போதும்.

ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்து வராந்தாவில் நிற்கிறேன். பந்து என் காலடியில் வந்து விழுந்தது. எடுத்து எறிந்தேன், அது பாதி தூரம்கூடப் போகவில்லை. ஒரு பையன், பத்தாம் வகுப்புப் படிக்கிறவன், "சாமி, நீங்களும் ஆட வாங்க, ஒரு ஆள் குறையுது" என்றான். வைத்தியர் தினம் நடக்கச் சொல்லியிருந்தார். தனியாக நடப்பது எனக்குச் சலிப்பாக இருந்தது. மனக்கவலை உள்ளவன் தனியாக நடந்தால் கவலையும் கூடவே நடக்கிறது. சரி என்று போனேன்.

நான் குருமடத்தில் ஆட்ட நேரத்தில் பெரும்பாலும் புள்ளி எழுதிக்கொண்டிருந்தவன். மட்டையைப் பிடிக்கவே தெரியாது. அன்றைக்கு என்னிடம் வந்த பந்துகளில் பாதிக்குமேல் தவறவிட்டேன். மறுநாள் தோள் வலி. மூன்றாம் நாள் அந்தப் பையன் பக்கத்தில் வந்து, "சாமி, கையை மடக்காதீங்க, மணிக்கட்டைத் திருப்புங்க. பந்து வந்த பிறகு பார்க்காதீங்க, அவன் அடிக்கும்போதே பாருங்க" என்று மெதுவாகச் சொன்னான். ஞானோபதேசத்தில் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் என்னிடம் திட்டு வாங்கிய பையன் அவன். அவன் என்னைத் திட்டவில்லை என்பதைக் கவனித்தேன்.

யோசித்துப் பாருங்கள். 52 வயதில் நாம் யாரிடம் கற்றுக்கொள்கிறோம்? வீட்டில் நாம்தான் பெரியவர். வேலையில் மூத்தவர். சங்கத்தில் தலைவர். எனக்கோ பலிபீடத்திலும் நான்தான், பிரசங்கத்திலும் நான்தான், கணக்கிலும் நான்தான். எல்லாரும் கேட்கிறார்கள், நான் சொல்கிறேன். கடைசி ஆளாக நின்று, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, சின்னவன் ஒருவன் சொல்ல அதைச் செய்து பார்த்து, மறுபடி தவறி, எல்லாரும் சிரிக்கக் கூடச் சேர்ந்து சிரிக்கிற பழக்கமே நமக்கு விட்டுப்போகிறது. தொழில் போனாலோ, துணை போனாலோ, உடம்பு கெட்டாலோ, அந்தப் பழக்கம் விட்டுப்போனவன்தான் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறான். எனக்கு இது முதலில் புத்தியில் படவில்லை, தோளில்தான் பட்டது.

சரீரத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வயதுக்குப் பின் பத்து ஆண்டுக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை தசை குறைகிறது என்பது வைத்தியர் கணக்கு. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். தசை குறைந்து, அதுவும் வேலையில்லாமல் கிடந்தால், சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கும். தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி குறைவாக இருந்தாலும் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை நோயாளிகள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு வேர்க்க அசையுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளைக்கு அரைமணி வீதம் ஐந்து நாள். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இறங்கவேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு ஆடக்கூடாது. காலில் முள் குத்தினது தெரியாமல் புண்ணாகிவிடும். ஊரில் எல்லாரும் வெறுங்காலோடுதான் ஆடுகிறார்கள், நான் மட்டும் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு துரைமாதிரி நிற்பதற்கு இதுதான் காரணம்.

"வயது போன பின்பு யார் சாமி இதெல்லாம்?" என்று கேட்பீர்கள். 2006 முதல் 2011 வரை சென்னை மேயராக இருந்து, 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன் அவர்களை எல்லாருக்கும் தெரியும். கட்சியை விட்டுவிடுங்கள், காலை மட்டும் பாருங்கள். 2004இல் ஒரு கார் விபத்தில் அவருக்குக் காலில் பலத்த அடி. இனி ஓட்டம் கூடாது என்பது வைத்தியர் சொல். சர்க்கரையும் உண்டு. முதலில் யோகாசனம், பிறகு நடை, ஐம்பது வயதுக்கு மேல் ஓட்டம் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, 21 கிலோமீட்டர் ஓட்டத்தையே நூறு தடவைக்கு மேல் ஓடி முடித்தார். 'ஓடலாம் வாங்க' என்று புத்தகமும் எழுதினார். வைத்தியர் சொல்லை மீறுங்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. விபத்துக்கும் முதல் ஓட்டத்துக்கும் நடுவே எத்தனை வருஷம் பொறுமையாக நடந்திருக்கிறார் என்பதைப் பாருங்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தமான ஆள் ஒரு கன்னியாஸ்திரி. சகோதரி மதோன்னா பூடர், அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்தில் 1930இல் பிறந்தவர். 23 வயதில் மடத்தில் சேர்ந்தார். நாற்பது வயதில் அந்தச் சபையை விட்டு, வேறு சில சகோதரிகளோடு புதிய முறையில் வாழும் ஒரு குழுவுக்குப் போனார். நாற்பதில் அப்படி ஒரு மாற்றம் எவ்வளவு கடினம் என்பது மடத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். 48 வயதாயிருக்கையில் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் ஜான் டோப்பல் என்ற குருவானவர், ஓட்டம் உடலையும் மனத்தையும் ஆன்மாவையும் ஒன்றுசேர்க்கும் என்று சொல்லி, ஓடிப் பாருங்கள் என்றார். கடற்கரையில் ஓடிப்பார்த்தார். (குருக்கள் சொல்வதை உடனே செய்து பார்க்கிற ஆட்கள் உலகத்தில் எங்கேயோ இருக்கத்தான் இருக்கிறார்கள்!) 52 வயதில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயத்தில் இறங்கினார். 55 வயதில் அதிலேயே மிகக் கடினமான 'அயர்ன்மேன்' பந்தயம்: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் 42 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் ஒரே நாளில், 17 மணி நேரத்துக்குள். நீந்துகிற தூரம் கிடக்கட்டும். சைக்கிள் தூரம் மட்டும் ஏறக்குறைய இங்கிருந்து சென்னைக்குப் போகிற வழியில் முக்கால் பங்கு.

சைக்கிளிலிருந்து விழுந்து எத்தனையோ முறை எலும்பு முறிந்தது. ஆறினதும் மறுபடி ஏறினார். அவருடைய வயதுக்குப் போட்டிப் பிரிவே இல்லாமல் போக, அவருக்காகவே பந்தயக்காரர்கள் மூத்த பெண்களுக்குப் புதிய பிரிவுகளைத் திறக்கவேண்டியதாயிற்று. 2012இல், 82 வயதில், கனடாவில் அந்தப் பந்தயத்தை 16 மணி 32 நிமிடத்தில் முடித்தார். அதற்கு முன் அந்த வயதில் எந்தப் பெண்ணும் முடித்ததில்லை. வேகம் என்று பார்த்தால் மிகவும் பின்தங்கித்தான் வந்தார். 28 நிமிடம் தாமதித்திருந்தால் கணக்கிலேயே சேர்த்திருக்கமாட்டார்கள்.

புனித சின்னப்பரும் ஓட்டப் பந்தயத்தைப் பற்றி எழுதினது கொரிந்தியருக்குத்தான். அந்த ஊருக்குப் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெரிய விளையாட்டு விழா நடக்கும். சின்னப்பரோ அங்கே ஒன்றரை வருஷம் தங்கினவர். ஆட்டம் பார்க்கப் போனாரா என்று வேதாகமம் சொல்லவில்லை. போயிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தாய்மார்களே, உங்களை மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தண்ணீர் தூக்கி, சமைத்து, கரும்புக் காட்டுக்கும் நூறுநாள் வேலைக்கும் போய் வருகிறவர்களிடம் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொன்னால் அது பரிகாசம். உங்களுக்கு உழைப்பு குறையவில்லை, விளையாட்டுத்தான் இல்லை. பத்து வயதில் நிறுத்தினீர்கள், அதற்குப்பின் யாரும் உங்களை ஆடக் கூப்பிடவில்லை. பிள்ளைகள் கலியாணமாகிப் போனபின் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று என்னிடம் அழுதவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர் போன வருஷம் சனிக்கிழமை சாயங்காலங்களில் வளையப்பந்து ஆரம்பித்தார். முதல் வாரம் இரண்டு பேர் வந்தார்கள், அவர்களும் "ஊர் என்ன சொல்லும்?" என்று பாதியில் போய்விட்டார்கள். இப்போது பதினொரு பேர். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வளையத்தைப் பிடித்த கையோடு அவர்கள் சிரிக்கும் சத்தம் அறைவீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்கும். ஊர் என்ன சொன்னதென்று கேட்டேன். "ஊர் பார்க்க வந்தது சாமி, அப்புறம் போயிடுச்சு" என்றார் ஒரு பாட்டியம்மா.

நம் பீங்கான்காரர் கதையை முடிக்கவில்லையே. நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். பத்தாவது ஆள் கிடைக்கவில்லை. அவர் தினமும் மதில் ஓரம் நின்று பார்ப்பார். இளமையில் கபடி ஆடினவர், நல்ல தேகக்கட்டு. கூப்பிட்டால் "எனக்கு இது தெரியாதுங்க" என்று ஒதுங்குவார். ஒரு காலையில் நான் பந்தைத் துரத்திக்கொண்டு போய் எல்லார் முன்பாகவும் மண்ணில் விழுந்தேன். அங்கியில்லை, நல்லவேளை. எழுப்ப ஓடிவந்தவர் அவர்தான். என் முழங்காலைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நான் எந்தப் பக்கம் நிற்கணும்?" என்று அந்தப் பத்தாம் வகுப்புப் பையனைக் கேட்டார்.

முதல் இரண்டு மாதம் அவரும் என்னைப்போலவே மோசமாக ஆடினார். பலசாலி அல்லவா, கபடிக்காரன் கையால் அடித்தால் அந்தச் சின்னப் பந்து தெருவுக்கே போய்விடும். அங்கே ஆடுகிறவர்களில் ஒருவர் 24 வயது எலெக்ட்ரீஷியன். வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒருநாள் இவர் அவரிடம், "தம்பி, அந்த எம்.சி.பி. உள்ளே எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டார். தன் தொழிலைப் பறித்த சாமானைப் பற்றி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வாரமே தம்பியோடு கூட வேலைக்குப் போனார். சுவரில் காடி வெட்டினார், பைப் தூக்கினார், ஏணி பிடித்தார். மகன் வயதுக்காரனிடம் எடுபிடி. எட்டு மாதத்தில் தனியாக ஒயரிங் செய்யக் கற்றுக்கொண்டார். மேற்பார்வைக்கு மட்டும் தம்பி வருவார். நம் பங்கு மண்டபத்தில் புது சுவிட்சுப் பலகை மாட்டியது இருவரும்தான்.

பழைய சம்பளம் இன்னும் வரவில்லை. மழைக்காலத்தில் வேலை குறைவு. மூத்த மகளின் படிப்புக் கடன் அப்படியே இருக்கிறது. இதையும் சொல்லச் சொன்னது அவர்தான். "எல்லாம் சரியாகிவிட்டதென்று சொல்லிவிடாதீங்க சாமி, அப்புறம் கடன் கொடுத்தவன் வந்து நிற்பான்" என்றார். சுட்ட சாமானைப் பற்றி நான் அவரிடம் மறுபடி கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எனக்கும் சர்க்கரை போய்விடவில்லை. மாத்திரை தொடர்கிறது, அளவு கட்டுக்குள் நிற்கிறது. தாயாரின் நினைவும் போகவில்லை, போகவேண்டியதும் இல்லை. தூக்கம் வருகிறது. ஆட்டத்தில் இன்னும் நான் பின்வரிசைதான். முன்னால் நிற்க அந்தப் பையன் விடுவதில்லை.

விழாக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். பொன்விழாவுக்கு மின்விளக்கு அலங்காரத்துக்கென்று ஒதுக்கிய தொகையில் கொஞ்சம் எடுத்து, பின்வெளியில் இரண்டு கம்பம் நட்டு விளக்குப் போட்டுத் தாருங்கள். விழா முடிந்தபின்பும் எரியும். வலை கிழிந்திருக்கிறது, இரண்டு மட்டைகளுக்கு நரம்பு மாற்றவேண்டும். நாளைக் காலைத் திருப்பலி முடிந்ததும் வலை கட்டுகிறோம். பள்ளிப் பையன்களுக்குப் பரீட்சை நேரம், எட்டுப் பேர்தான் வருவார்கள். இரண்டு ஆள் குறைகிறது.